டேங்க் மூடியில் சந்தனம்

கொஞ்சம் அப்படித் தள்ளி உக்காருங்க, இந்தப் பக்கம் வெயிலு மூஞ்சியில அடிக்குது. பஸ்ஸு இப்பக் கெளம்பாது. கண்டக்டரு சொன்னது கேட்டுச்சா? டேங்க்ல டீசல் இருக்காம், இஞ்சினுக்குத்தான் போகலயாம். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. எங்க வீட்ல தையிலேர்ந்து ஆடி வரைக்கும் காலையில எந்திரிச்சா இதே பேச்சுத்தான். பெட்ரோலு இருக்கு, போகல. இருக்கு, போகல. கேட்டுக் கேட்டு எனக்குக் காதே புளிச்சுப்போச்சு.

நீங்க டீச்சருங்களா? பையப் பாத்தா அப்படித்தான் தெரியுது. இல்லியா? பரவாயில்ல, டீச்சர்னே கூப்புடுறேன், வாய்க்கு வந்துருச்சு.

எங்களது ஃபைபர் படகு டீச்சர். எங்க வீட்டுக்காரரும் எங் கொழுந்தன் மதியழகனும் சேந்து தொழில் பண்றாங்க. இந்தத் தையிலதான் புது மோட்டாரு வாங்குனாங்க. படகோட பின்னாடி தொங்குமே, அந்த மோட்டாரு. பெட்ரோல் டேங்க் தனியா, செவப்பா, ப்ளாஸ்டிக்குல, படகுக்குள்ள கெடக்கும். டேங்குக்கும் மோட்டாருக்கும் நடுவுல ஒரு ரப்பர் ஓஸு. ஓஸுக்கு நடுவுல கோழிமுட்டையாட்டம் ஒரு ரப்பர் பந்து. அத அமுக்கி அமுக்கி, பந்து கெட்டியானதும் கயித்தப் புடிச்சு ஒரு இழு இழுத்தா மோட்டாரு எடுத்துக்கும். இதெல்லாம் ஒனக்கு எப்படித் தெரியும்னு பாக்குறீங்க. காதுல விழுந்ததுதான். நான் அந்த மோட்டாரத் தொட்டதே இல்ல. பொட்டு வெக்கிறதுக்கு மட்டுந்தான் தொடுவேன்.

அது ஒண்ணு எங்கிட்ட உண்டு. வெள்ளிக்கெழமைன்னா எங்க வீட்ல கிரைண்டரு, கேஸ் சிலிண்டரு, டீவி, தையல் மிசினு, எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வெச்சாகணும். ஒரு தடவ கரண்டு ரீடிங் எடுக்க வந்தவரு, "மீட்டர்ல நம்பரே தெரியலம்மா, தொடைக்கவா?"ன்னு கேட்டாரு. தொடைக்கக் கூடாதுன்னுட்டேன். குத்துமதிப்பா எழுதிட்டுப் போனாரு. எங்க எல்லையம்மன் மேல அவ்வளவு பக்தி எனக்கு.

மோட்டாரு வந்ததும் அதோட தலையில ஒண்ணு வெச்சேன். டேங்க்ல எங்க வெக்கிறதுன்னு பாத்தேன். மூடி மேல குட்டியா ஒரு குமிழு இருக்கும் டீச்சர், அதுல ஊசி நொழையற அளவுக்கு ஒரு ஓட்டை. பொட்டு வெக்கிறதுக்குன்னே கம்பெனிக்காரன் எடம் விட்டு வெச்சிருக்கான்னு நெனச்சுக்கிட்டேன். சந்தனத்த அதுல வெச்சு அழுத்துனா அப்படியே உள்ள போயி புடிச்சுக்கும். மத்த பொம்பளைங்க வெக்கிற பொட்டு ஒரு அலைக்குத் தாங்காது. நான் பன்னீரு விட்டுக் கெட்டியா கொழச்சு வெப்பேன், காஞ்சா சிமெண்டுதான். வெள்ளிக்கெழம வெச்சா செவ்வா, புதன் வரைக்கும் தண்ணி எவ்வளவு அடிச்சாலும் நிக்கும்.

வாங்குன மறு வாரமே மோட்டாரு கோளாறு பண்ண ஆரம்பிச்சுருச்சு. கரையில எடுத்தா நல்லா எடுக்கும். கொஞ்ச தூரம் போகும். அப்புறம் இருமும், மூச்சு வாங்கும், நின்னுரும். கயித்த இழுத்து இழுத்துக் கை வீங்கிப்போகும். "பந்து சூம்பிப்போய்க் கெடக்குது அண்ணி. அமுக்குனா திரும்ப உப்பவே மாட்டேங்குது"ன்னு மதி வந்து சொல்லுவான். மூடியத் தொறந்து பெட்ரோலு இருக்கான்னு பாப்பாங்களாம். தொறக்கும்போது புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருமாம். பாத்தா பெட்ரோலு நெறைய இருக்கும். மூடிட்டு இழுத்தா உடனே எடுத்துக்குமாம். கொஞ்ச தூரம் போயி மறுபடி இருமும்.

அந்தப் புஸ்ஸு என்னான்னு இவங்க யாருக்கும் தெரியல. எனக்குக் கேட்ட ஒடனே தெரிஞ்சுபோச்சு. கண்ணேறு, டீச்சர். ஊர்க்கண்ணு டேங்குக்குள்ள எறங்கி உக்காந்திருக்கு, தொறந்தா வெளிய ஓடுது. அதுலயும் பாருங்க, வெள்ளி, சனி, ஞாயிறுன்னா கட்டாயம் நிக்கும். புதன், வியாழன் ஒழுங்கா ஓடும். வெள்ளிக்கெழமதானே ஊரே கரையில வந்து நின்னு பாக்குது? அதனால வெள்ளிக்கெழம இன்னும் ஒரு வெரலு சேத்து வெச்சேன். அந்த வாரம் முன்னவிட சீக்கிரமா நின்னுருச்சு. பாத்தீங்களா, எவ்வளவு பெரிய கண்ணு! ரெண்டு வெரலு சேத்தேன்.

மெக்கானிக்கு வந்தான். ஸ்பேனர் சிங்காரம்னு பேரு. கயித்துக் கட்டில் ஆடுனாக்கூட ப்ளக்க மாத்துங்கம்பான். ப்ளக்க மாத்துனான். ஃபில்டர மாத்துனான். கார்ப்பரேட்டரக் கழட்டிக் கழுவுனான். ஓஸ மாத்துனான். தண்ணி ட்ரம்முல மோட்டார மாட்டி, அவனோட கேன்லேர்ந்து பெட்ரோலு குடுத்து ஓட்டிப் பாத்தான். சிங்கம் மாதிரி ஓடுச்சு. டேங்கப் பாத்தியான்னு மதி கேட்டான். சிங்காரம் செருப்பக் கழட்டிட்டு, டேங்க் மூடியத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டான். "சாமி சந்தனம் வெச்சிருக்குப்பா, அதுல நான் கைய வெக்க மாட்டேன். டேங்க்ல என்ன இருக்கு, வெறும் டப்பா"ன்னுட்டுப் போயிட்டான். நல்ல பையன். என்ன, தொழில்தான் தெரியாது.

வைகாசியில எங்க அக்கா பேத்திக்குச் சடங்கு. சிதம்பரத்துக்குப் போயி ரெண்டு வாரம் தங்கிட்டேன். நான் இல்லாதப்ப மோட்டாரு ஒரு தடவகூட நிக்கலயாம். எப்படி நிக்கும்? நான் அங்க கோயில்ல தெனம் வெளக்குப் போட்டேன்ல. ஆனா திரும்பி வந்து அந்த வெள்ளிக்கெழம ஆசையா பொட்டு வெச்சு அனுப்புறேன், அன்னைக்கே நின்னுருச்சு. என் வாய் சும்மா இருக்குமா? அங்க போயி ஓடுது ஓடுதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், கண்ணு பட்டுருச்சு.

அப்ப யாரு கண்ணுன்னு ஒரு கேள்வி வருதுல்ல?

கோவிச்சுக்காதீங்க, நான் யாரையும் பேரு சொல்லிக் குத்தம் சொல்ற ஆளு இல்ல. நிரோஷா. எங் கொழுந்தன் பொண்டாட்டி. டவுன்ல மளிகைக்கடை வெச்சிருக்கிறவரு பொண்ணு. இவன் மீனு கொண்டுபோயிப் போடுற எடத்துல பாத்துப் பேசி, அவங்களா முடிச்சுக்கிட்டாங்க. மாசி மாசம் கல்யாணம். மோட்டாரு தையிலயே நிக்க ஆரம்பிச்சுருச்சேன்னு கேக்காதீங்க. அவ மனசு தையிலேயே இங்க வந்துருச்சுல்ல. அமைதியான பொண்ணு. பேச மாட்டா. நான் பேசும்போது மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிப்பா, அதான் எனக்குப் புடிக்காது. அக்கான்னு கூப்புடுவா, ஆனா ரெண்டடி தள்ளி நின்னு கூப்புடுவா. நானும் ரெண்டடி தள்ளியே வெச்சிருந்தேன்.

ஆங், பஸ்ஸ எடுத்துட்டாங்க பாருங்க. குலுக்குது, கம்பியப் புடிச்சுக்குங்க. என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்?

ஆடி மாசம் ஒரு சனிக்கெழம. நான் கரையில கூடையோட நிக்கிறேன். எங்க படகு ஆத்து வாயிக்குள்ள திரும்பி வருது. அந்த எடந்தான் டீச்சர் எமன் குந்தியிருக்குற எடம். ஆத்துத் தண்ணியும் கடல் தண்ணியும் மோதும். மோட்டாரு வேகமா இருந்தாத்தான் அலையத் தாண்ட முடியும். சரியா அந்த எடத்துல மோட்டாரு இருமுச்சு. எனக்குக் கரையிலயே கேட்டுச்சு. நின்னுருச்சு. படகு குறுக்க திரும்புது. ஒரு அலை தூக்கி அடிச்சுது பாருங்க, எங்க வீட்டுக்காரரு தோளு போயி படகுக் கட்டையில இடிக்குது. மூடியத் தொறக்க ஏது நேரம்? மதி துடுப்ப எடுத்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பாஞ்சு பாஞ்சு போடுறான். நான் கூடையப் போட்டுட்டு இடுப்பளவு தண்ணியில எறங்கிட்டேன். எறங்கி நான் என்ன பண்ணிட முடியும்? ஆனாலும் எறங்கிட்டேன். என் ரெண்டு பேரும் அதுல இருக்காங்க.

எப்படியோ கரை சேந்துட்டாங்க. மீனு எடுக்க வந்த கூட்டம் பூரா நிக்கிறப்ப, எங்க வீட்டுக்காரரு தோளப் புடிச்சுக்கிட்டுக் கத்துறாரு. "பெட்ரோலு வாங்குறது நீ, ஆயில் கலக்குறது நீ, டேங்க்ல ஊத்துறது நீ. தண்ணி கலந்ததக் கொண்டாந்து ஊத்தி என்னக் கொல்லப் பாக்குறியாடா? கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒனக்குக் கவனம் எங்க இருக்கு?"

மதி என்னப் பாத்தான்.

நான் ஒண்ணுமே சொல்லல டீச்சர். "வடிகட்டாம ஊத்துனா அப்படித்தான் ஆவும்"னு மட்டும் சொன்னேன். அப்புறம், வீட்டுக்குள்ள கால் வெச்ச நேரம்னு ஒண்ணு இருக்குன்னு சொன்னேன். அப்புறம், மளிகைக்கடைக்காரங்களுக்குக் கடலப் பத்தி என்ன தெரியும்னு ஒரு வார்த்த. அவ்வளவுதான். அதுக்கே "அண்ணி, நீங்களுமா?"ன்னான்.

வீட்டுக்கு வந்து பைய எடுத்து வெச்சான். கொச்சிப் பக்கம் விசைப்படகுல வேல இருக்காம், கூட்டாளி கூப்புடுறானாம். "திங்கக்கெழம கெளம்புறேன். நிரோஷாவ அப்புறம் வந்து கூட்டிக்கிட்டுப் போறேன். படகு ஒங்களுக்கே இருக்கட்டும் அண்ணே"ன்னுட்டான். அண்ணங்காரரு செவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு.

கொழுந்தன்னு பேருதான். நான் கல்யாணமாகி வந்தப்ப அவனுக்கு டவுசரு நாடா கட்டத் தெரியாது. அவங்கம்மா போயிச் சேந்து கொஞ்ச நாளுதான் ஆயிருந்துச்சு. எங் கையாலதான் சோறு தின்னு வளந்தான். எனக்குப் புள்ள கெடையாது டீச்சர். அவன் போயிட்டா அந்த வீட்ல நான் யாரத் திட்டிக்கிட்டு இருப்பேன்? அன்னைக்குச் சாப்புடல, தூங்கல. எந்திரிச்சு அம்மன் படத்துக்கு ஒரு உருண்ட சந்தனம் அப்பிட்டு, எம் புள்ளையப் போகவிடாதன்னு அழுதேன்.

ஞாயித்துக்கெழம காலையில, அவன் வழிக்குக் கொண்டுபோறதுக்கு முறுக்குச் சுடலாம்னு அடுப்ப மூட்டுனேன். போறவன் மேல கோவம் இருந்தா என்ன, முறுக்குமேல என்ன கோவம்? நிரோஷாவ எண்ணெய் டின்னத் தொறக்கச் சொன்னேன். ஆணிய வெச்சு அடிச்சா. ஒரு ஓட்டை போட்டா. எதுத்தாப்புல இன்னொரு ஓட்டை போடப் போனா.

"ஒண்ணு போதாதா? எறும்பு ஏறும்"னேன்.

"ஒரு ஓட்டைன்னா எண்ணெய் வராதுக்கா. கொஞ்சம் வரும், அப்புறம் மொனகிக்கிட்டு நின்னுரும். இன்னொரு ஓட்டையில காத்து உள்ள போனாத்தான் இதுல எண்ணெய் வெளிய வரும். எங்க கடையில..."ன்னு சொல்லிக்கிட்டே வந்தவ பட்டுன்னு நிறுத்திட்டா. சுத்தி ஒரு கையில, ஆணி ஒரு கையில. கொல்லைப் பக்கம் பாக்குறா. அங்க முந்தின நாளு கொண்டாந்து போட்ட டேங்க் கெடக்கு. ரெண்டு பக்கமும் ஒடுங்கி, பல்லு போன கெழவன் கன்னம் மாதிரி ஒட்டிப்போயிக் கெடக்கு.

இவ அடுப்ப விட்டுட்டு அங்க போயி உக்காந்துட்டா. தாலிக்கயித்துல கெடந்த ஊக்கக் கழட்டி, டேங்க் மூடியில நான் வெச்ச சந்தனத்தக் குத்துறா! வெள்ளிக்கெழம வெச்ச சந்தனம் டீச்சர்! ஊக்கு உள்ள போனதும் புஸ்ஸுன்னு ஒரு சத்தம், டொக்குன்னு டேங்க்கோட கன்னம் ரெண்டும் வெளிய வந்துருச்சு. அம்மன் கோவத்துல டேங்க்கே துள்ளிருச்சு.

நான் விட்டேனா? தெருவே கூடுற மாதிரி கத்துனேன். சாமி பொட்டக் குத்திக் கெடுக்குறியே, நீ வெளங்குவியான்னு கேட்டேன். அவ மதியையும் எங்க வீட்டுக்காரரையும் கூப்புட்டா. மூடியக் கையில வெச்சுக்கிட்டு, குமிழுல வாய வெச்சு ஊதிக் காட்டுறா. மூணு பேரும் குசுகுசுன்னு பேசிக்கிறாங்க. மதி என்னப் பாத்தான். மூடியப் பாத்தான். மறுபடி என்னப் பாத்தான். சிரிக்க ஆரம்பிச்சவன் மண்ணுல உக்காந்து வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறான். சிரிச்சுச் சிரிச்சு அவனுக்குக் கண்ணுல தண்ணி கொட்டுது. போறோமேன்னு துக்கம், பாவம். சில பேருக்குத் துக்கம் சிரிப்பாத்தான் வரும்.

எங்க வீட்டுக்காரரு மூஞ்சி செவந்துபோச்சு. "ஏய், இத்தன நாளா நீ..."ன்னு எம்பக்கம் திரும்புனாரு. நிரோஷா நடுவுல வந்து நின்னுக்கிட்டு, "மாமா, வேணாம்"னா. அவ்வளவுதான். அந்த மனுசன் கொழாயடிக்குப் போயி ஒரு பக்கெட் தண்ணிய அப்படியே தலையில ஊத்திக்கிட்டாரு. வேட்டியோட. எனக்கு ஒண்ணும் புரியல. தம்பி போற கவல அவருக்கும்.

மறுநாள் விடியக்காலம் நான் கோலம் போடுறப்ப நிரோஷா வந்து பக்கத்துல நின்னா. தலைக்குக் குளிச்சிருந்தா. "அக்கா, கனவுல எல்லையம்மன் வந்துச்சு"ன்னா.

எங் கையிலேர்ந்த கோலப்பொடி கொட்டிப்போச்சு.

"பச்சப் பொடவ கட்டியிருந்துச்சுக்கா. டேங்க்மேல உக்காந்திருந்துச்சு. 'ஒங்கக்கா பக்தி எனக்குத் தெரியும். ஆனா மூடி மேல பொட்டு வெக்க வேணாம்னு சொல்லு, எனக்கு மூச்சு முட்டுது. டேங்க்கோட பக்கவாட்டுல, வயித்துல வெக்கச் சொல்லு. மத்தத நான் பாத்துக்கறேன்'னு சொல்லுச்சு."

ஒங்ககிட்ட சொல்றதுக்கென்ன, மொதல்ல எனக்குப் பொறாமதான். இத்தன வருசமா சந்தனம் அரைக்கிறவ நானு. எங் கனவுல வராம, நேத்து வந்தவ கனவுலயா வர்றது? அப்புறம் யோசிச்சேன். பச்சப் பொடவன்னு எப்படிச் சொன்னா? எங்க அம்மனுக்குப் பச்சதான் சாத்துவோம், அது இவளுக்கு எப்படித் தெரியும்? கோயிலுக்கு எத்தன தடவ வந்திருப்பா? என்கூட ஒரு நாலஞ்சு தடவ வந்திருப்பா, அவ்வளவுதானே! என் அழுகையக் கேட்டுத்தான் அம்மன் எறங்கி வந்திருக்கா. நான் அந்த ரெண்டு ராத்திரியும் தூங்கல, தூங்குறவ கனவுலதானே வர முடியும்? அப்பத்தான் எனக்கு மனசு ஆறுச்சு.

ஒடனே பழைய சந்தனத்த நானே கழுவி விட்டேன். ஊக்கு விட்டு ஓட்டையெல்லாம் சுத்தம் பண்ணி, டேங்க் வயித்துல ரெண்டு பக்கமும் பெருசா பொட்டு வெச்சேன். கெளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவ ஓட்டிப் பாக்குறோம்னு அண்ணனும் தம்பியும் போனாங்க. அடிவானம் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தாங்க. ஆத்து வாயில மோட்டாரு ஒரு இருமல்கூட இருமல டீச்சர். மோட்டாருக் கைப்புடிய தம்பிகிட்ட குடுத்துட்டு, அண்ணங்காரரு முன்னாடி உக்காந்து வந்தாரு. "நான் பேசுனது தப்புடா"ன்னு சொல்ற வாய் அவருக்குக் கெடையாது. பின்பக்கத்த விட்டுக் குடுத்து முன்னாடி உக்காந்தா அதுதான் அர்த்தம். மதி வீட்டுக்கு வந்து பையிலேர்ந்த சட்டையெல்லாம் எடுத்துக் கொடியில போட்டுட்டு, முறுக்க முழுசா அவனே தின்னான். எனக்கு ஒண்ணுகூட மிச்சம் வெக்கல. அவன் திங்கிறத வாசப்படியில உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன்.

அதுலேர்ந்து எங்க தெருவுல எனக்கு ஏக மரியாத. சந்தனத்தாலேயே மோட்டாரு கோளாறத் தீத்த பொம்பளன்னு. இந்த ஆயுத பூசைக்குப் பாருங்க, கரையில உள்ள படகுக்காரங்க எல்லாரும் எங்க படகுக்கும் பொட்டு வெச்சு விடுங்கன்னு கூப்புட்டாங்க. சிங்காரமே கூப்புட்டான். அவன் ஏன் வாயப் பொத்திக்கிட்டு நின்னான்னு தெரியல, பல்லு வலி போல. நிரோஷா சந்தனக் கிண்ணத்த வெச்சுக்கிட்டு எங்கூடவே வந்தா. பழக்கதோசம், எங் கை டேங்க் மூடிக்குத்தான் போகும். போனா, அவ மெதுவா எம் மணிக்கட்டப் புடிச்சு, "இங்கக்கா"ன்னு டேங்க் வயித்துப் பக்கம் எறக்கி விடுவா. அடுத்த படகுலயும் புடிச்சா. அதுக்கு அடுத்ததுலயும் புடிச்சா.

அந்தப் பொண்ணு என்னத் தொட்டது அன்னைக்குத்தான் டீச்சர் மொதத் தடவ. கை சில்லுன்னு, சின்னக் கையி. எனக்கு எங்க வெக்கணும்னு தெரியாமலா இருக்கு? ரெண்டு மூணு படகுலயே எங் கைக்கு வழி பழகிப்போச்சு. ஆனாலும் மூடிக்கே கொண்டுபோனேன், அவ புடிக்கட்டும்னு. கடைசிப் படகும் முடிஞ்சுபோச்சு. கிண்ணத்துல இன்னும் கொஞ்சம் சந்தனம் கெடந்துச்சு. வெக்கிறதுக்கு இன்னும் எந்தப் படகாச்சும் இருக்கான்னு அந்தக் கரையெல்லாம் சுத்திச் சுத்திப் பாத்துக்கிட்டே நின்னேன்.